தண்ணிக்குள்ள ஒரு கோடு: மன்னார் வளைகுடாவின் கதை

இன்னைக்கு ஒரு எல்லைக்கோட்டோட வரலாறைப் பேசப் போறோம். அதுக்கு வேலி கிடையாது, எல்லைக்கல் கிடையாது. அந்தக் கோடு தண்ணிக்குள்ள இருக்கு.

ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் கரையை ஒட்டி வரிசையா 21 தீவுகள். அதைச் சுத்தி பவளப்பாறை, கடற்புல், கடல் பசு, ஆமை, கடல் அட்டை. 1986-ல தமிழ்நாடு அரசு இந்தத் தீவுகளையும் அதைச் சுத்தின ஆழம் குறைஞ்ச கடலையும் சேர்த்து, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கான்னு அறிவிச்சுது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். எல்லை எதுவரைக்கும்னா, கரைப் பக்கம் 3.5 பாகம் ஆழம், வெளிக்கடல் பக்கம் 5 பாகம் ஆழம். ஒரு பாகம்னா சுமார் 6 அடி. அதாவது, நீங்க பூங்காவுக்குள்ள இருக்கீங்களா வெளிய இருக்கீங்களான்னு தெரிஞ்சுக்க, உங்களுக்குக் கீழ எவ்வளவு தண்ணி இருக்குன்னு தெரியணும்.

இந்தக் கோட்டை ஏன் போட்டாங்க, யாரைக் கேட்டுப் போட்டாங்கங்கிறதுதான் இந்த எபிசோடு.

முதல்ல ஒரு விஷயம். இந்தக் கடல்ல ‘எப்போ எடுக்கலாம், எப்போ எடுக்கக் கூடாது’ன்னு திட்டம் போடுறது 1986-ல ஆரம்பிச்சது இல்ல. தூத்துக்குடி முத்துக்குளிப்பை எடுத்துக்கோங்க. முத்துச்சிப்பி வளர்ற கடலடித் திட்டுக்குப் பேரு ‘பார்’. ஆங்கிலேயர் காலத்துல, குளிப்பு நடத்துறதுக்கு முன்னாடி அதிகாரிங்க முத்துக்குளிக்கிறவங்களைக் கூட்டிட்டுப் பாருக்குப் போவாங்க. மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, உள்ள இருக்கிற முத்தை மதிப்புப் போட்டுப் பார்ப்பாங்க. சிப்பி முத்தலைன்னா அந்த வருஷம் குளிப்பு இல்ல. அப்படிப் பல வருஷம் சும்மாவே போயிருக்கு. நோக்கம் இயற்கைப் பாதுகாப்பு இல்ல, அரசாங்கத்துக்கு வருமானம். ஆனாலும் அந்தக் கணக்கு முங்குறவனோட கண்ணையும் கையையும் நம்பித்தான் நடந்துச்சு. 1961-க்கு அப்புறம் அங்க முத்துக்குளிப்பு நடக்கல.

அடுத்து வந்தது பவளக்கல். சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைக்கும் பவளப்பாறையை உடைச்சு, படகு படகா ஏத்துனாங்க. பாறை அலையோட வேகத்தை உடைக்கும். பாறை போனா அலை நேரா தீவோட மணல்ல வந்து அடிக்கும். விளைவு என்ன? 21 தீவுல பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ரெண்டும் கடலுக்குள்ள போயிருச்சு. அதனால ‘எதுக்குங்க பாதுகாப்பு, சும்மா விட்டாலே போதுமே’ன்னு யாராவது சொன்னா, இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க. பவளம் 2001-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைக்கு வந்துச்சு. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு.

இப்போ மறுபக்கம். பாம்பன் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையா இந்தத் தீவுகளைச் சுத்திப் பாசி எடுக்குறவங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு முங்குவாங்க. அவங்க எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியில இருந்துதான் அகர் வருது. ஆய்வகத்துல, மருந்துல, இனிப்புல எல்லாம் சேர்க்கிற அகர். தேசியப் பூங்கான்னா சட்டப்படி உள்ள போய் எதையும் எடுக்கக் கூடாது. பாட்டி செஞ்ச வேலையையே பேத்தி செஞ்சா, அது குற்றம். வனத்துறை ரோந்து வந்து படகை மறிக்கும், எடுத்த பாசி போயிரும், அன்னைக்குக் கூலியும் போயிரும்.

சட்டத்துக்கே இந்தச் சிக்கல் தெரியாம இல்ல. 1991 திருத்தத்துல, கடல் பகுதியைச் சரணாலயத்துல சேர்க்கும்போது உள்ளூர் மீனவர்களோட தொழில் நலனைக் காக்க ஏற்பாடு பண்ணணும்னு எழுதுனாங்க. ஆனா இந்தப் பூங்காவுக்குக் கோடு போட்டு அப்பவே அஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு.

1989-ல இன்னொரு கோடு வந்துச்சு. 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். நடுவுல கண்டிப்பான மையப் பகுதி, அதைச் சுத்தி மனுஷங்க வாழ்ந்து தொழில் பார்க்கிற பகுதின்னு பிரிக்கிற யோசனை இது. 2001-ல யுனெஸ்கோவோட உலக வலையமைப்புலயும் சேர்ந்துச்சு. இதுக்குன்னு ஒரு அறக்கட்டளை அமைச்சு, கரையோரக் கிராமங்கள்ல குழு போட்டு, மாற்றுத் தொழிலுக்குக் கடனும் கொடுத்தாங்க.

மாற்றுத் தொழில்னு சொல்றது சுலபம். அந்தக் காலகட்டத்துல ராமநாதபுரம் கரையில கப்பாபைகஸ்னு ஒரு பாசி வளர்ப்பு பரவுச்சு. வெளியூர்ப் பாசி, வேகமா வளரும், நல்ல விலை. பல குடும்பங்களுக்கு அது சோறு போட்டுச்சு. ஆனா 2008-ல, அதே பாசி குருசடைத் தீவுல உயிரோட இருக்கிற பவளத்து மேல படர்ந்து மூடுறதை ஆய்வாளர்கள் பதிவு செஞ்சாங்க. அப்புறம் ஆளை விட்டுக் கையால பிய்ச்சு எடுக்க வேண்டியதாச்சு. ஒரு பிரச்சினைக்குத் தீர்வா வந்தது இன்னொரு பிரச்சினையா நின்னுச்சு.

இதுக்கு நடுவுல அந்தப் பெண்கள் தாங்களே ஒரு திட்டம் போட்டாங்க. மாசத்துல 12 நாள் மட்டும்தான் பாசி எடுக்கிறது. சுரண்டுற இரும்புக் கருவி வேண்டாம், கையால மட்டும். மீதி நாள் பாசி வளரட்டும். இந்த முயற்சியை முன்ன நின்னு நடத்துனதுக்காக, சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல அமெரிக்காவுல இருக்கிற சீகாலஜி அமைப்போட பரிசு கிடைச்சுது. முத்துப்பார்ல ‘இந்த வருஷம் வேண்டாம்’னு சொன்ன அதே கணக்குதான் இது. ஒரு வித்தியாசம், இங்க முடிவெடுத்தது முங்குறவங்களே.

இன்னொரு பக்கம் விஞ்ஞானமும் தன் வேலையைச் செஞ்சுது. தூத்துக்குடிக்கு எதிர்ல இருக்கிற வான் தீவு, விட்டா மூணாவதா முழுகிப் போற நிலைமையில இருந்துச்சு. 2015-ல இருந்து அதோட கடல் பக்கம் துளை வச்ச கான்கிரீட் அமைப்புகளை ஆயிரக்கணக்குல இறக்குனாங்க. உடைச்சு எடுத்த பாறை செஞ்சுக்கிட்டு இருந்த வேலையை இப்போ கான்கிரீட் செய்யுது. அலை தளர்ந்துச்சு, மணல் திரும்பச் சேருது, மீனும் வருது. ஆனா 2016-ல கடல் சூடாகி இந்த வளைகுடாவுல பவளம் வெளுத்துச் செத்தப்போ, எந்த எல்லைக்கோடும் அந்தச் சூட்டைத் தடுக்கல. இதையும் சொல்லியாகணும்.

கடைசியா, கொஞ்சம் வடக்க பாக் விரிகுடாவுக்கு வாங்க. 2022 செப்டம்பர்ல அங்க 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சாங்க. இந்தியாவுல கடல் பசுவுக்குன்னு முதல் காப்பகம். சட்டத்துல இது தேசியப் பூங்கா வகை இல்ல, வேற வகை. உள்ளூர் மக்கள்கிட்ட ஆலோசிச்ச பிறகுதான் அறிவிக்க முடியும். நிர்வாகக் குழுவுலயும் ஊராட்சியோட பிரதிநிதி இருக்கணும். வலையில மாட்டுன கடல் பசுவை அறுத்து விடுறது மீனவர்தான். அவர் மனசு வைக்கலைன்னா, அந்தக் காப்பகம் வெறும் வரைபடம்தான்.

1986-ல இருந்து 2022 வரைக்கும் 36 வருஷம். இவ்வளவு காலத்துல சட்டம் கத்துக்கிட்டது ஒரே ஒரு விஷயம்: கோடு போடுறதுக்கு முன்னாடி கேளு. ஆனா பழைய கோட்டுக்குள்ள இன்னைக்கும் பாசி எடுக்கிற பெண்களுக்கு அந்தக் கேள்வி பாக்கிதான்.

அடுத்த முறை ஏதோ ஒரு கடற்கரையைப் பாதுகாக்கப்பட்ட பகுதின்னு அறிவிச்சதா செய்தி வந்தா, எத்தனை சதுர கிலோமீட்டர்ங்கிறதோட நிறுத்திடாதீங்க. எந்த வகை, நிர்வாகக் குழுவுல யாரு, அங்க தினமும் கடலுக்குள்ள இறங்குறவங்களுக்கு என்ன இடம்னு பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.