வாயில்லா உயிரும் வைத்தியர் கூலியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் செல்லும் சாலையில், கல்வராயன் மலையின் நீல வரம்பு கண்ணுக்குத் தென்படத் தொடங்கும் இடத்தில் ஒரு சிற்றூர். அவ்வூரிலிருந்து நம் மதரஸாவுக்கு இரு பிள்ளைகளை அனுப்பிவரும் கைம்பெண் ஒருவர், 2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து மழைநாளொன்றில் நம்மைத் தேடி வந்தார்.

"அஜ்ரத்து, ஆடு நாலும் மூக்கு ஒழுகிக் கெடக்குதுங்க. கண்ணுல பீளை தள்ளுது, வாயெல்லாம் புண்ணு. எந்த டாக்டருகிட்ட காட்டுறது? எவ்வளவு செலவாவும்?"

நாம் அறிந்த துறை அதுவன்று. ஆயினும், ஆசிரியரிடம் கேட்டால் விடை கிடைக்கும் என்று நம்பி வந்தவரிடம் அறியேன் என்று சொல்ல நம் நா எழவில்லை. அப்பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் மருந்துப் பையோடு வந்து போகும் ஒருவரைச் சொல்லியனுப்பினோம். அருகில் இருப்பவர், அலைச்சல் இல்லை என்பதே நாம் கண்ட தகுதி. அவர் வந்தார். நான்கு ஆடுகளுக்கும் மூன்று நாள் ஊசி போட்டார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். ஐந்தாம் நாளுக்குள் மூன்று ஆடுகள் மாண்டன. அந்தப் பணமும் கடன் வாங்கிய பணம். எஞ்சிய ஒன்றை அரசுக் கால்நடை மருந்தகத்திற்கு இழுத்துச் சென்றபோதுதான், அந்த மருத்துவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, இது ஆட்டுக்கொல்லி நோயாகத் தோன்றுகிறது என்றாராம்.

எந்த மருத்துவர், எவ்வளவு செலவு? இவ்விரு கேள்விகளும் அன்று முதல் நம்மை விடவில்லை. நம் அலமாரியின் அரபு நூல்களில் அவற்றைத் தேடினோம். அவை மிகப் பழைய கேள்விகள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கால்நடை மருத்துவரை அரபியில் 'பைத்தார்' என்பர். குதிரை மருத்துவரைக் குறித்த கிரேக்கச் சொல்லின் திரிபு அது. மூலிகை நூலால் புகழ்பெற்று 1248-இல் திமிஷ்கில் மறைந்த ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னுல் பைத்தாரின் பெயருக்கே 'கால்நடை மருத்துவரின் மகன்' என்பதுதான் பொருள். எகிப்தை ஆண்ட சுல்தான் நாசிர் முஹம்மது பின் கலாவூனின் இலாயத்தில் பணியாற்றிய அபூபக்ர் என்னும் பைத்தார், குதிரை வளர்ப்பும் குதிரை மருத்துவமும் பற்றி விரிவானதொரு நூல் யாத்துத் தம் சுல்தானின் பெயரை அதற்குச் சூட்டினார்.

நம் கருத்தை மிகுதியும் கவர்ந்தவை இம்மருத்துவ நூல்களைக் காட்டிலும், சந்தைக் கண்காணிப்பாளரான முஹ்தஸிபுக்கு வழிகாட்ட எழுதப்பட்ட நூல்களே. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷைஸரீ அத்தகைய நூலொன்றில் பைத்தார்களுக்கெனத் தனி அதிகாரம் வகுத்துள்ளார். மனிதனுக்கு வைத்தியம் செய்வதைவிட விலங்குக்குச் செய்வது கடினம். தன் நோவைச் சொல்ல அதற்கு வாயில்லை. தொட்டும் பார்த்தும்தான் அறியவேண்டும் என்பது அவர் கூற்றின் சாரம். ஆதலின், அறியாது கத்தி வைப்பவனையும் சூடு போடுபவனையும் சந்தையில் விட்டுவைக்கலாகாது என்கிறார். மருத்துவம் அறியாது மருத்துவம் செய்பவன் விளைவுக்குப் பொறுப்பாளி என்னும் பெருமானார் (ஸல்) அவர்களின் வாக்கை ஓதிக்கொடுப்பவர் நாம். அதை ஆட்டுக்கும் பொருத்திப் பார்க்க நமக்கு மூன்று ஆடுகளின் சாவு தேவைப்பட்டது.

செலவைப் பற்றியும் நம் முன்னோர் பேசாமலில்லை. ஹிஜ்ரி 660-இல் (கி.பி. 1262) மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், வளர்ப்பு உயிர்கள் மனிதன் மீது கொண்டுள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகையில், மூப்பாலோ பிணியாலோ இனிப் பயன் தராது என்று ஆகிவிட்ட விலங்குக்கும் செலவிட்டே ஆகவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். தீனி போடாதவனை நீதிபதி கட்டாயப்படுத்தலாம் என்பது ஷாஃபிஈ சட்டம். ஹனஃபி சட்டத்தின் பெருவழக்கோ, அது அவனுக்கும் இறைவனுக்கும் இடையிலான கடமை என்று நிறுத்திக்கொள்கிறது. ஆனால் இரு சாராரின் கண்முன்னும் இருந்தவன் கையில் பொருள் உள்ள உரிமையாளன். பொருளே இல்லாதவரின் ஆடு நோயுற்றால் யார் கொடுப்பது?

இதற்கு விடை தேடும்முன், தமிழகக் கரையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவர் வாணிகத்தைப் பற்றியது என்பதால் அதை மறைப்பது முறையன்று.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, கீஷ், ஹுர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கு இறங்கியதை எழுதியிருக்கிறார். அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார் விலை பேசப்பட்டதையும், வழியில் இறந்த குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுத்ததையும் குறிக்கிறார். குதிரைகளோ இங்கு நிலைப்பதில்லை. பொரித்ததும் வேகவைத்ததுமாகிய ஒவ்வாத உணவு, ஒவ்வாத வெப்பம், பேணத் தெரியாத கைகள். ஓராண்டு முடிவதற்குள் பெரும்பகுதி மடிந்துபோகும், மறுபடியும் வாங்குவர். இவ்விடத்தில் மார்க்கோ போலோ சொல்வது நெஞ்சைச் சுடுகிறது. இந்நாட்டில் குதிரை மருத்துவர் இல்லை; குதிரை கொண்டுவரும் வணிகர்கள் தாமும் மருத்துவரை அழைத்து வருவதில்லை; பிறர் வருவதையும் தடுக்கிறார்கள்; குதிரைகள் சாகாவிட்டால் அடுத்த ஆண்டு விற்பனை ஏது? வெளிநாட்டார் ஒருவர் துறைமுகப் பேச்சைக் கேட்டு எழுதியது என்று இதை ஒதுக்கிவிடலாம். நமக்கு ஒதுக்க மனம் வரவில்லை. பைத்தார் கலை செழித்த நாடுகளிலிருந்தே அக்குதிரைகள் வந்தன. குதிரை கப்பலேறியது, கலை ஏறவில்லை. அதன் விலையை ஆண்டுதோறும் கருவூலமும், அதன் வழியே குடிகளும் கொடுத்தனர்.

தமிழ்நாட்டிற்கும் சொந்த மருத்துவம் இருந்தது. மாட்டு வாகடங்கள் ஏட்டுச் சுவடிகளில் வழங்கின. மலையிலும் சமவெளியிலும் பச்சிலை அறிந்த முதியவர்கள் இருந்தனர். அவர்களுக்குக் கூலி ஒரு படி தானியமோ வெற்றிலை பாக்கோதான். ஆனால் வெக்கை நோய் ஊருக்குள் புகுந்தால் வாகடமும் பச்சிலையும் கைவிரித்துவிடும். ஆங்கில அரசு 1871-இல் கால்நடைக் கொள்ளைநோய் பற்றிய ஆணைய அறிக்கையைப் பெற்றது. சென்னை மாகாணத்தில் 1892-இல் கால்நடைத் துறை தோன்றியது. 1903 அக்டோபர் 1-ஆம் நாள் வேப்பேரியில், டாபின் ஹால் என்னும் கட்டடத்தில், 20 மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 1936-இல் அது சென்னைப் பல்கலைக் கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கும் தகுதி பெற்றது. இந்திய விடுதலைக்குப் பின் 1954-இல் வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராகச் சென்று, மாட்டுக்காரரிடம் காசு கேளாமல் ஊசி போட்டனர். இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், நம் தமிழகத்தில்தான். 2006-இல் இந்தியாவும், 2011-இல் உலகமும் அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் அடியோடு ஒழித்த நோய் இது ஒன்றே.

வெக்கை ஒழிந்துகொண்டிருந்த அந்நாளிலேதான் அதன் தாயாதி ஒன்று நம் பக்கத்தில் முளைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் 1942-இல் முதலில் விவரிக்கப்பட்ட ஆட்டுக்கொல்லி நோய், இந்தியாவில் முதன்முதலாக 1987-இல் கண்டறியப்பட்ட இடம் எது தெரியுமா? விழுப்புரத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் உள்ள அரசூர்! அன்று அரசூரும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். அரசூர் ஆடுகளிடமிருந்து எடுத்த அந்நச்சுயிரியைப் பக்குவப்படுத்தித் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக் கழகத்தார் தடுப்பூசி செய்தனர். 'அரசூர் 87' என்பதே அதன் பெயர். ஒரு முறை போட்டால் மூன்றாண்டுக்கேனும் காப்பு உண்டு. அந்த அம்மையாரின் ஊரிலிருந்து அரசூர் அரை நாள் பயணம்கூட இல்லை. உலக மருத்துவ நூல்களில் அரசூரின் பெயர் இருக்கிறது. அந்த ஊசியோ அவர் ஆடுகளுக்குப் போடப்படவில்லை. நோய் வந்தபின் இதற்கு நேர்மருந்து கிடையாது. தொடர்ந்து வரும் பிற தொற்றுகளைத் தடுப்பதும், நீரும் உணவும் கொடுத்துத் தாங்குவதுமே வைத்தியம். அவர் கடன் வாங்கிக் கொடுத்த ஆயிரத்து எண்ணூறும் எதற்குப் போயிற்று என்பதை இனி எண்ணிப் பயனில்லை.

(பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது: கோழிகளின் வெள்ளைக் கழிச்சலை 'ராணிக்கெட்' என்கிறார்களே, அது தடுப்பூசி செய்யும் நம் ராணிப்பேட்டையின் பெயரன்று. இமயமலைப் பகுதியில், குமாவுனிலுள்ள ராணிகேத் என்னும் ஊரின் பெயர். நாமும் நெடுநாள் மயங்கியிருந்தோம்.)

மலைமேல் நிலை வேறு. கல்வராயன் மலை மூன்று ஜாகிர்களாகப் பிரிந்து சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் பரம்பரைகளின் கீழ் இருந்தது. 1976-இல்தான் அம்முறை ஒழிந்தது. அரசின் கிளைகள் வெள்ளிமலைக்கு ஏறத் தொடங்கியது அதன் பின்னரே. சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிடும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு ஏர்மாடுதான் நிலம், ஆடுதான் வங்கி. அரசு மருந்தகத்தில் வைத்தியத்துக்குக் காசில்லை என்பது உண்மை. ஆனால் உள்ளடங்கிய ஊரிலிருந்து நோயுற்ற மாட்டை இறக்கிக் கொண்டுவரச் சரக்கு வண்டிக்குக் கொடுப்பதும், ஒரு நாள் கூலி போவதும் அவர் கணக்கில் மருத்துவச் செலவே. பாதையின் தூரம்தான் அங்கே வைத்தியர் கூலி. 2021-இல் தலைவாசல் கூட்டுரோட்டில் பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கே இயங்குகிறது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் மக்களுக்கு இது பெரும் வாய்ப்பு. மலையின் உள்ளூர்களுக்கோ அது மற்றுமொரு தூரமான இடம். 1962 என்னும் எண்ணுக்கு அழைத்தால் வீடு தேடி வரும் ஊர்தி ஏற்பாட்டை நாம் மதிப்பது இதனால்தான். 2024-இல் தமிழகமெங்கும் 245 ஊர்திகள் புதிதாக விடப்பட்டன. ஆனால், அலைபேசிக்குக் கோபுரம் எட்டாத பள்ளத்தாக்கில் எந்த எண்ணும் பயன்படாது.

இனி முதற் கேள்விக்கு வருவோம். 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பட்டமும் பதிவும் உள்ளவரே மருத்துவம் செய்யலாம் என்கிறது. பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நல்ல மருத்துவர் ஊசியை எடுக்குமுன் வயதென்ன, தின்றதென்ன, எத்தனை நாளாய் என்று கேட்பார், வெப்பமானி வைப்பார், வாயையும் கண்ணையும் பார்ப்பார், மருந்தைச் சீட்டில் எழுதுவார், ஆகும் செலவை முன்னரே சொல்வார், பிழைக்காது என்றால் அதையும் சொல்வார். ஷைஸரீ எழுதிய தொட்டறிதலும் பார்த்தறிதலும் இன்றும் மாறவில்லை.

பட்டணத்து நம் குடும்பங்களில் இப்போது பாரசீகப் பூனை வளர்க்கும் பழக்கம் பரவியிருக்கிறது. வாங்கும்போது விலையைக் கணக்கிடுகிறார்கள். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை, முதுமைப் பிணி ஆகியவற்றைக் கணக்கிடுவதில்லை. பின்னர் தனியார் மருத்துவமனைச் சீட்டைக் கண்டு மிரண்டு, பூனையைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியிட்ட பெண்ணின் நிலையை மிம்பரில் கேட்டவர்கள்தாம் இவர்கள். வாங்குமுன் ஓராண்டுச் செலவை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பாதிப்பேர் வாங்கமாட்டார்கள். அது பூனைக்கு நல்லதே. வெறிநோய்த் தடுப்பூசிக்கோ செலவைக் காரணம் காட்ட இடமில்லை. செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாளை ஒட்டி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள்.

கறவை வைத்திருப்போர்க்கு ஒரு கைமருந்தும் சொல்லலாம். கால்நடைப் பல்கலைக் கழகத்தாரே ஆராய்ந்து பரப்பியது. மடிவீக்கத்தின் தொடக்கத்தில் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்தரைத்து, பாலைக் கறந்து கழித்துவிட்டு, மடியில் நாளொன்றுக்குப் பலமுறை பூசுவது. வாகடக்காரரின் பேரர்களும் பட்டதாரிகளும் கைகுலுக்கிய இடம் இது. காய்ச்சல் கண்டாலோ பாலில் இரத்தம் வந்தாலோ காத்திராமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

பொருளில்லாதவரின் ஆட்டுக்கு யார் கொடுப்பது என்ற கேள்வியை நடுவில் விட்டு வந்தோம். வெக்கை நோயில் அரசு கொடுத்தது, அதனால் ஒழிந்தது. ஆட்டுக்கொல்லிக்கும் இப்போது அரசே இலவசமாக ஊசி போடுகிறது. முகாம் நாள் மட்டும் அந்த அம்மையாரின் காதுக்கு எட்டவில்லை; மூன்று ஆடுகளின் சாவுக்கு அந்த ஒரு செய்தியே குறை. அந்தச் செய்தியை அறிந்து சொல்லக் கடமைப்பட்டவர்களில் நாமும் ஒருவர் என்பதை அவரிடமே ஒப்புக்கொண்டோம். "ஒங்களுக்கு என்னாங்க தெரியும் அஜ்ரத்து" என்று ஆறுதல் சொன்னார். அது ஆறுதலாக இல்லை.

வாங்கிய கடனை நாமும் மதரஸா ஆசிரியர் இருவரும் பகிர்ந்து அடைத்தோம். பிழைத்த பெட்டை ஆடு மறு ஆண்டு இரு குட்டிகள் ஈன்றது. குட்டிகளுக்கு நான்கு மாதம் ஆனதும் முகாமில் ஊசி போட்டாயிற்று. இப்போது நம் பள்ளிவாசல் பலகையில், ஐவேளைத் தொழுகை நேரத்துக்குக் கீழே, அடுத்த கால்நடை முகாம் நடக்கும் நாளையும் 1962 என்ற எண்ணையும் சுண்ணக்கட்டியால் எழுதி வைக்கிறோம். ஊரிலுள்ள பிற சமயத்து ஆட்டுக்காரர்களும் வாசலில் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள்.