டேவியின் செப்புக் காப்பு

மின்கலத்தின் வரலாற்றை 1800-இல் வோல்ட்டா அமைத்த அடுக்கிலிருந்து தொடங்குதல் மரபு. உலோக அரிப்பின் வரலாற்றைத் தனியே கூறுதலும் மரபாகிவிட்டது. இவ்விரண்டும் ஒரே வினை என்பதைக் காட்டிய முயற்சியொன்றை ஈண்டு ஆராய்வோம். அது தோல்வியெனப்படுவது, அம்முடிபு முற்றும் பொருந்துமா என்பதே எம் ஐயம்.

மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கு அஞ்சிய பிரித்தானியக் கடற்படையினர், 1761-இல் 'அலாரம்' என்னும் கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத்தகட்டாற் போர்த்தனர். ஈராண்டில், செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் அரிந்துபோயின. உப்புநீரில் இரும்பும் செம்பும் கூடியவழி, அறியாமலே ஒரு மின்கலம் அமைந்துவிட்டது. அதில் இரும்பு கரைந்தது. இடையே தாள் கிடந்து பிரித்த இடங்களில் ஆணி கெடவில்லை. அதன் காரணத்தை மின்வழி விளக்க வல்லார் அன்று இலர்.

செம்பும் நாளடைவில் அரிந்தது. கடற்படையினர் வேண்டியவாறு அதனை ஆராய்ந்த ஹம்பிரி டேவி, 1824-இல் ஆணி கற்பித்த பாடத்தையே தலைகீழாக்கினார். செம்பினும் எளிதில் எதிர்மின்னியை இழக்கும் துத்தநாகத்தையோ இரும்பையோ உடன் இணைத்தால், அது கரையச் செம்பு தப்பும் என்றார் (எதிர்மின்னி என்பது இன்றைய வழக்கு, டேவி அதனை அறியார்). கப்பல்களிற் சோதனை நிகழ்ந்தது. அவற்றுள் ஒன்றான 'சமராங்' கொச்சியிற் கட்டப்பட்டு 1822-இல் நீரில் இறக்கப்பட்டதென்பது நம்மவர் அறியத்தக்கது.

செம்பு காக்கப்பட்டது, ஆயின் கப்பல்களின் அடியிற் பாசியும் ஓட்டுயிர்களும் செறிந்து, அவற்றின் விரைவைக் குறைத்தன. 1825-இல் தொடங்கி 1828-க்குள் கடற்படை அக்காப்புகளை அகற்றிற்று.

காரணம் வேதியியலிலேயே உள்ளது. சிறிது சிறிதாகக் கரையும் செப்பு அயனிகளே அவ்வுயிர்களுக்கு நஞ்சு. செம்பின் பயன் அதன் அழிவில் இருந்தது. அழிவைத் தடுத்தவர் பயனையும் தடுத்தார். கணக்கிற் பிழையில்லை, வினவப்பட்ட வினாவே குறைபாடுடையது. செம்பைக் காக்கும் வழியைக் கேட்டனரேயன்றி, அஃது எதனாற் கப்பலைத் தூய்மையாய் வைத்திருந்தது என்பதைப் போதிய அளவு கேட்டிலர். இக்குறையை டேவி ஒருவர் மேலேயே ஏற்றிக் கூறுவாரோடு நாம் உடன்படோம்.

பின்னர் எஃகுக் கப்பல்கள் தோன்றியபோது அவர் முறை மீண்டும் வழக்கிற்கு வந்தது. இன்று எஃகுக் கப்பல்களின் அடிப்புறத்தில் துத்தநாகக் கட்டிகளோ அலுமினியக் கட்டிகளோ பொருத்தப்படுகின்றன. அதே அடிப்புறத்திற் பூசப்படும் வண்ணப்பூச்சுகள் பலவற்றிற் குப்பிரசு ஆக்சைடு கலந்துள்ளது. அதிலிருந்து செம்பு மெல்லக் கசிகின்றது. 1829-இல் மறைந்த டேவி இவற்றைக் கண்டிலர்.