மூணு வரி முகப்புப் பக்கம்

நண்பர் ஒருத்தர் கூப்பிட்டிருந்தார். அவர் வேலை பார்க்கிற கல்லூரித் துறையோட வெப்சைட்டைப் புதுசா மாத்தணுமாம். ஆள் பலம் ரெண்டே பேர், அதுவும் வகுப்பு போக மிச்ச நேரத்துல. முதல் கூட்டத்துல ஒரு மணி நேரம், பேனர் நீலமா பச்சையான்னு பட்டிமன்றம். "பழசை அப்படியே தூக்கிடலாம்" என்பது மட்டும் ஏகமனதா நிறைவேறிச்சு. "இங்க வர்றவங்க எதைத் தேடி வர்றாங்க?"ன்னு கேட்டேன். கப்சிப்.

அப்போ ஞாபகம் வந்த கதைதான் இது.

கலிஃபோர்னியாவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்துற ஸ்லாக் ஆய்வகம் 1962-ல் தொடங்கினது. எலெக்ட்ரான்களை விரட்டி ஓட்ட சுமார் 3 கிலோமீட்டர் நீள முடுக்கி வெச்சிருக்காங்க. ஆனா நம்ம கதாநாயகி இருந்தது அங்க இல்லை, நூலகத்துல. பேரு லூயிஸ் ஆடிஸ்.

இயற்பியல்காரங்களுக்குப் பொறுமை கம்மி. கட்டுரை பத்திரிகையில அச்சாகிற வரைக்கும் காத்திருக்காம, முன்பிரதிகளை உலகம் பூரா தபால்ல அனுப்பிடுவாங்க. அதையெல்லாம் ஸ்லாக் நூலகம் சேர்த்துப் பட்டியல் போட்டது. 1974-ல் இருந்து அந்தப் பட்டியல் ஸ்பையர்ஸ் என்ற தரவுத்தளமா கணினிக்குள்ள போச்சு. தங்கச் சுரங்கம்தான். ஆனா சுரங்கம் இருந்தது ஒரு ஐபிஎம் மெயின்ஃபிரேமுக்குள்ள. வெளியூர் ஆசாமி தேடணும்னா அந்த மெஷின்ல கணக்கு வேணும். இல்லாட்டி, கட்டளையைச் சரியா எழுதி அனுப்பிட்டு பதிலுக்குக் காத்திருக்கணும்.

1991 செப்டம்பர்ல ஸ்லாக் இயற்பியலாளர் பால் குன்ஸ், ஜெனீவா பக்கத்துல இருக்கிற செர்ன் ஆய்வகத்துக்குப் போனார். டிம் பெர்னர்ஸ்-லீ தன்னோட புது 'வெப்'பைக் காட்டினார். குன்ஸுக்கு முதல்ல பெரிசா ஆர்வம் வரலை. அங்கிருந்த ஒரு மெயின்ஃபிரேம்ல தகவல் தேடி, பதிலை இந்த வெப் வழியாவே திரையில வரவழைச்சதும்தான் மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம்ம ஸ்பையர்ஸையும் இப்படித் திறந்து விடலாமே!

ஊர் திரும்பி ஆடிஸ் கிட்ட சொன்னார். அந்தம்மா கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. டெர்ரி ஹங், ஜார்ஜ் கிரேன் ரெண்டு பேரும் மெயின்ஃபிரேம் வேலைக்குக் கை கொடுத்தாங்க. 1991 டிசம்பர் 12 அன்னைக்கு அமெரிக்காவோட முதல் வெப் சர்வர் ஓட ஆரம்பிச்சது.

முகப்புப் பக்கத்துல என்ன இருந்துச்சுங்கறீங்க? மூணு வரி. ரெண்டு சுட்டி: ஒண்ணு ஸ்பையர்ஸுக்கு, இன்னொண்ணு ஊழியர்களோட தொலைபேசி, மின்னஞ்சல் பட்டியலுக்கு. படம் கிடையாது, இயக்குநர் வாழ்த்துரை கிடையாது. அடுத்த மாசமே, 1992 ஜனவரியில, ஃபிரான்ஸ்ல நடந்த ஒரு கூட்டத்துல பெர்னர்ஸ்-லீ தன் செயல்விளக்கத்தை முடிச்சதே இந்த ஸ்பையர்ஸ் தேடலை வெச்சுத்தான். வந்திருந்த இயற்பியல்காரங்களுக்கு வெப் எதுக்குன்னு அதுக்கப்புறம் தனியா விளக்க வேண்டியிருக்கலை.

அதைப் பராமரிக்கத் தனி இலாகா எதுவும் இல்லை. இயற்பியல், நூலகம், கணினின்னு பல பக்கத்துல இருந்தும் ஆர்வத்துல சேர்ந்த சிலர் 'வெப் மந்திரவாதிகள்'னு தங்களுக்கே பேர் வெச்சுக்கிட்டு, சொந்த வேலைக்கு நடுவுல பார்த்துக்கிட்டாங்க. பின்னாடி பக்கங்கள் எத்தனையோ தடவை மாறிச்சு. ஆனா பழைய கோப்புகளை அவங்க குப்பையில போடலை. அதனாலதான் 2014-ல் ஸ்டான்ஃபோர்டு நூலகம் அந்த ஆரம்பகாலப் பக்கங்களை மறுபடியும் எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிட முடிஞ்சது. ஸ்பையர்ஸும் சாகலை, இன்ஸ்பயர்னு பேர் மாறி ஓடிக்கிட்டிருக்கு.

ஆள் நிறைய இருந்து அது நல்லா வரலை பாருங்க. வர்றவங்களுக்கு என்ன வேணும்னு வருஷக்கணக்கா பட்டியல் போட்ட நூலகர் ஒருத்தர் கூட இருந்தார். அவ்வளவுதான்.

இந்தக் கதையை நண்பர் கிட்ட சொன்னேன். இப்போ அவங்க முகப்புல முதல்ல இருக்கிறது பாடத்திட்டம், பழைய கேள்வித்தாள், ஆய்வேடுகள் பட்டியல். பழைய தளம் முழுசும் ஒரு பிரதி எடுத்து பத்திரமா இருக்கு.

பேனர் நிறம்தான் இன்னும் முடிவாகலை :-)