பதின்ம வயதினர் ஒன்றுகூடல்களில் துப்பாக்கி வன்முறை

பதின்ம வயதினர் ஒன்றுகூடல்களில் துப்பாக்கி வன்முறை என்பது, 13 முதல் 19 வயது வரையிலானவர்கள் பெரியவர்களின் மேற்பார்வையின்றிக் கூடும் இடங்களில் துப்பாக்கியால் நேரும் கொலை, காயம், தவறுதலான சூடு ஆகியவற்றைக் குறிக்கும். பிறந்தநாள் கொண்டாட்டம், தெரு விருந்து, வீட்டில் பெற்றோர் இல்லாத நேரத்தில் நண்பர்கள் கூடுதல் ஆகியன இத்தகைய ஒன்றுகூடல்களாகும். ஐக்கிய அமெரிக்காவில் இது பெரும் பொதுச் சுகாதாரச் சிக்கலாக உள்ளது. தமிழ்நாட்டில் இது அரிது. எனினும் முற்றிலும் இல்லாதது அன்று. இளையோரிடையே விளையாட்டும் வீம்பும் சண்டையும் எல்லா ஊர்களிலும் காணப்படுகின்றன. அவை நொடிப்பொழுதில் மரணமாக மாறுவதற்குத் துப்பாக்கி கைக்கு எட்டும் தொலைவில் இருப்பதே முதன்மைக் காரணம் என்பதைக் கீழ்வரும் நிகழ்வுகள் காட்டுகின்றன.

தமிழ்நாட்டில்

வேங்கடமங்கலம், 2019

2019 நவம்பர் 5 அன்று, வண்டலூரை அடுத்த வேங்கடமங்கலத்தில், 19 வயதான பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் தமது நண்பரின் வீட்டில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். அப்போது இவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. அதே மாதத்தின் இறுதியில் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்று அடங்கியுள்ளது. சுடப்பட்ட துப்பாக்கி உரிமம் இல்லாத கள்ளத்துப்பாக்கி ஆகும். நண்பர் மறுநாள் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் சரணடைந்தார். துப்பாக்கியைக் கையாண்டபோது அது தவறுதலாக வெடித்துவிட்டதாக அவர் தரப்பில் கூறப்பட்டது.

சென்னை, 2011

2011 சூலை 3 அன்று, சென்னைத் தீவுத்திடல் அருகேயுள்ள ராணுவ அதிகாரிகள் குடியிருப்புக்குள் வாதாங்கொட்டை பறிக்க நண்பர்களுடன் நுழைந்த 13 வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். இதில் சுட்டவர் சிறுவர் அல்லர். அக்குடியிருப்பில் வசித்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஆவார். 2012 ஏப்ரலில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சிறுவர்களை அதட்டி விரட்டியிருக்கக்கூடிய ஒரு நிகழ்வு, வீட்டில் துப்பாக்கி இருந்தமையால் கொலையில் முடிந்தது.

சுங்குவார்சத்திரம் – ஒரகடம் தொழிற்பகுதி

காஞ்சிபுரம் மாவட்டத்தில் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் உள்ள ஒரகடம் ஆகிய ஊர்களைச் சுற்றி மின்னணு, வாகனத் தொழிற்சாலைகள் பல உள்ளன. பிற மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வரும் இளம் தொழிலாளர்கள் இங்குத் தங்கும் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் சேர்ந்து வாழ்கின்றனர். பள்ளிப் படிப்பையோ பட்டயப் படிப்பையோ முடித்த உடனே வேலைக்கு வருபவர்களும் இவர்களுள் அடங்குவர். பெற்றோரையும் உறவினரையும் விட்டு விலகிய இவ்வாழ்க்கையில், மேற்பார்வையற்ற ஒன்றுகூடல் என்பது அன்றாட இயல்பே ஆகும். அதனை மட்டும் கொண்டு இவ்விளைஞர்களை வன்முறையாளர்களாகக் கருதுவது தவறு.

காஞ்சிபுரம் மாவட்டத்திலும் சென்னையின் புறநகர்களிலும் ரவுடிக் குழுக்களின் மோதல்களில் பெரும்பாலும் கத்தியும் நாட்டு வெடிகுண்டுமே பயன்படுத்தப்படுகின்றன. 2018 பிப்ரவரியில் பூந்தமல்லியை அடுத்த மலையம்பாக்கத்தில் ரவுடி ஒருவரின் பிறந்தநாள் விழாவைக் காவல் துறையினர் சுற்றிவளைத்து ஏறத்தாழ 75 பேரைப் பிடித்தனர். அவ்விழாவில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டப்பட்டது பரவலாகப் பேசப்பட்டது. அதன் பின்னர் பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படமெடுத்து வெளியிட்ட இளைஞர்கள் பல ஊர்களில் கைது செய்யப்பட்டனர்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல் துறை மாநிலம் முழுவதும் ரவுடிகள் மீது தேடுதல் வேட்டை நடத்தியது. இதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகள் பறிமுதல் செய்யப்பட்டன. கிடைத்த நாட்டுத் துப்பாக்கிகள் 7 மட்டுமே. தமிழ்நாட்டில் வன்முறைக் குழுக்களிடையேயும் துப்பாக்கி அரிதாகவே உள்ளது என்பதற்கு இது ஒரு சான்று.

இந்தியாவின் பிற பகுதிகளில்

2007 டிசம்பர் 11 அன்று, அரியானா மாநிலம் குர்கானில் உள்ள தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் தம் வகுப்பு மாணவனைச் சுட்டுக் கொன்றனர். பயன்படுத்தப்பட்ட கைத்துப்பாக்கி அவர்களுள் ஒருவனின் தந்தைக்கு உரியது. மாணவர்களிடையே இருந்த பகை, வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்பாக்கியால் கொலையானது.

வட இந்தியாவில் திருமணங்களிலும் விழாக்களிலும் வானை நோக்கிச் சுடும் வழக்கம் உண்டு. இதனால் மணமக்களும் சிறுவர்களும் விருந்தினரும் உயிரிழந்த நிகழ்வுகள் பல.

கனடாத் தமிழரிடையே

கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த ஸ்கார்பரோ, ஈழத்தமிழர்கள் செறிந்து வாழும் பகுதியாகும். 1990களில் இங்கு ‘வி.வி.டி.’, ‘ஏ.கே. கண்ணன்’ எனும் இரு தமிழ் இளைஞர் குழுக்களிடையே துப்பாக்கி மோதல்கள் நிகழ்ந்தன. 1997 டிசம்பரில், இக்குழுக்களோடு எத்தொடர்பும் இல்லாத தமிழ்ப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் குண்டுக்கு இரையானார். 2001 அக்டோபரில் காவல் துறை இக்குழுக்களைச் சேர்ந்த பலரைக் கைது செய்தது. எனினும் கைதுகளுக்கு முன்பே, 1990களின் இறுதியில், தமிழ் இளைஞர்கள் தாமாகவே ‘கனேடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையம்’ என்ற அமைப்பை உருவாக்கினர் என்பது குறிப்பிடத்தக்கது. இளையோர் கூடுவதற்குப் பாதுகாப்பான இடமும் வழிகாட்டலும் அளிப்பது இதன் நோக்கங்களுள் அடங்கும்.

2012 சூலை 16 அன்று, ஸ்கார்பரோவின் டான்சிக் தெருவில் நடைபெற்ற தெரு விருந்தில் இரு குழுவினர் ஒருவரையொருவர் சுட்டனர். இதில் 14 வயதுச் சிறுமியும் 23 வயது இளைஞரும் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

ஐக்கிய அமெரிக்காவில்

ஐக்கிய அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலானோரின் இறப்புக்கு நெடுங்காலம் வாகன விபத்தே முதற்காரணமாக இருந்தது. 2020இல் துப்பாக்கி அதனை விஞ்சியது. 2023 ஏப்ரல் 15 அன்று, அலபாமா மாநிலம் டேடவில் நகரில் ஒரு பெண்ணின் 16ஆம் பிறந்தநாள் விழாவில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் 4 பேர் உயிரிழந்தனர். 32 பேர் காயமடைந்தனர். கைதானவர்களில் பதின்ம வயதினரும் இருந்தனர். அவ்விழாவில் பிறந்தநாள் பெண்ணின் தாயாரும் உடனிருந்தார். ஆகவே, துப்பாக்கி எளிதில் கிடைக்கும் சூழலில் பெரியவர்களின் மேற்பார்வை மட்டும் போதுமான காப்பாகாது.

காரணங்கள்

நண்பர்களின் முன்னிலை

உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 306 பேரைத் தனியாகவும் நண்பர்கள் முன்னிலையிலும் வாகனம் ஓட்டும் கணினி விளையாட்டில் ஈடுபடுத்தினர். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பதின்ம வயதினர் கூடுதலான ஆபத்தை மேற்கொண்டனர். வயது வந்தோரிடம் இம்மாற்றம் குறைவாகவே காணப்பட்டது. ஒன்றுகூடல்களில் அவமானத்தைப் பொறுத்துக்கொள்ள இயலாமையும், ஆயுதத்தை எடுத்துக் காட்டும் விருப்பமும் மிகுவதை இது விளக்க உதவுகிறது.

துப்பாக்கியின் இயக்கம் பற்றிய அறியாமை

கைத்துப்பாக்கியில் குண்டுகள் அடுக்கப்பட்ட பெட்டியைக் கழற்றிய பின்னரும் குழலின் பின்னறையில் ஒரு குண்டு தங்கியிருக்கக்கூடும். பெட்டியைக் கழற்றியதால் துப்பாக்கி காலியாகிவிட்டது என நம்பி விசையை அழுத்துவதால் பல நாடுகளில் இளையோர் இறந்துள்ளனர். பட்டறைகளில் செய்யப்படும் நாட்டுத் துப்பாக்கிகள் பலவற்றில் பாதுகாப்புப் பூட்டு இருப்பதில்லை. கீழே விழுந்தாலும் அவை வெடிக்கக்கூடும்.

இந்தியச் சட்டநிலை

ஆயுதச் சட்டம், 1959இன்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமாகும். இச்சட்டத்தில் துப்பாக்கி வைத்திருப்பதற்கான குறைந்தபட்ச வயது முதலில் 16 ஆக இருந்தது. 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 21 ஆக உயர்த்தப்பட்டது. விதிகளுக்கு உட்பட்ட பயிற்சிக்கு மட்டும் விலக்கு உண்டு.

வேங்கடமங்கலம் நிகழ்வுக்கு அடுத்த மாதத்தில், நாடு முழுமைக்குமான ஆயுதங்கள் (திருத்தச்) சட்டம், 2019 நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3இலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டது. கொண்டாட்டங்களில் பிறரது உயிருக்கு ஆபத்து விளையுமாறு சுடுவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

18 வயது நிரம்பாதோர் மீதான வழக்குகளை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன்படி, கொலை போன்ற கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயது வரையிலானவர்களைக் குழுமம் முதலில் மதிப்பிட்டு, தேவையெனில் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். 18 அல்லது 19 வயதினர் சட்டத்தின் பார்வையில் வயது வந்தோரே ஆவர்.

தடுப்பு முறைகள்

* உரிமம் பெற்ற துப்பாக்கியைக் குண்டு நீக்கிப் பூட்டி வைத்தல். குண்டுகளையும் சாவியையும் வேறிடத்தில் வைத்தல்.
* எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பப்பட்டதாகவே கருதுதல். எவரையும் நோக்கி நீட்டாதிருத்தல்.
* கேட்பாரற்றுக் கிடக்கும் துப்பாக்கியைத் தொடாமல் 100 அல்லது 112 என்ற எண்ணில் காவல் துறைக்குத் தெரிவித்தல்.
* நண்பர் ஒருவர் துப்பாக்கியைக் காட்டினால் அவ்விடத்தை விட்டு உடனே நீங்குதல். நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் கூறுதல். இது காட்டிக்கொடுத்தல் ஆகாது. துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கும் நண்பரையும் இது காப்பாற்றும்.
* விளையாட்டுத் திடல், நூலகம், இளைஞர் மன்றம் போன்ற கூடுமிடங்களை ஏற்படுத்துதல். குறிப்பாகத் தொழிற்பகுதிகளில் விடுதிகளுக்கு அருகே அமைத்தல்.

இவற்றையும் பார்க்க

* ஆயுதச் சட்டம், 1959
* இளைஞர் நீதிச் சட்டம், 2015
* சுங்குவார்சத்திரம்
* ஸ்கார்பரோ