வழக்கைப் பிடித்த நாடும் நீதிபதியைப் பிடித்த நாடும்

சொந்த நீதிமன்றத்தை நம்ப முடியாத நாடு வெளியாரை உதவிக்கு அழைப்பது புதிதல்ல. வந்தவர் எதில் கை வைக்கலாம், யார் சொன்னால் மூட்டை கட்ட வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவும் ஐரோப்பாவின் அல்பேனியாவும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் எதிரெதிரான விடைகளைத் தேர்ந்தெடுத்தன.

குவாத்தமாலாவில் 36 ஆண்டு உள்நாட்டுப் போர் 1996இல் ஓய்ந்தது. போர்க்காலத்து உளவு வலைப்பின்னல்கள் ஓயவில்லை. சுங்கம், காவல், நீதிமன்றம் என்று இடம் மாறிக்கொண்டன. அவற்றைத் தோண்டியெடுக்க 2006 டிசம்பரில் அரசு ஐ.நா.வுடன் ஒப்பந்தம் போட்டது. மறு ஆண்டு பிறந்த பன்னாட்டு ஆணையத்துக்கு ஸ்பானிய மொழிச் சுருக்கப்பெயர் ‘சிசிக்’. அந்நிய வழக்கறிஞர்களும் புலனாய்வாளர்களும் அதில் இருந்தார்கள். ஆனால் தாமாக வழக்குத் தொடுக்க முடியாது. உள்நாட்டுத் தலைமை வழக்குரைஞர் அலுவலகத்தோடு சேர்ந்துதான் நீதிமன்றப் படியேற வேண்டும்.

அந்தக் கூட்டு 2015இல் செய்ததை இன்றும் வியப்போடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இறக்குமதியாளர்கள் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்துப் பேரம் பேசி, லஞ்சம் கொடுத்துச் சுங்க வரியைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இணைப்பின் பெயராலேயே மோசடிக்கு ‘லா லீனியா’ என்று பெயர். ஆணையத் தலைவராக இருந்த கொலம்பியர் இவான் வெலாஸ்கெஸும் தலைமை வழக்குரைஞர் தெல்மா அல்தானாவும் ஒட்டுக்கேட்ட உரையாடல்களோடு ஏப்ரலில் அதை வெளியே இழுத்தார்கள். சனிக்கிழமை தவறாமல் தலைநகரின் மையச் சதுக்கத்தில் மக்கள் கூடினார்கள். மே மாதம் துணை அதிபர் ரொக்சானா பால்தெத்தி விலகினார். செப்டம்பரில் அதிபர் ஓட்டோ பெரெஸ் மொலினாவே விலகிச் சிறைக்குப் போனார். 2022 டிசம்பரில் இருவருக்கும் தலா 16 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. பதவியில் இருந்த அதிபரைத் துப்பாக்கியில்லாமல் வீட்டுக்கு அனுப்பியது அந்த நாட்டுக்குச் சாதாரணச் சங்கதி அல்ல.

அல்பேனியாவில் இப்படிப்பட்ட நாடகம் எதுவும் இல்லை. 2016 ஜூலையில் நாடாளுமன்றத்தின் 140 உறுப்பினர்களும் ஒருவர் விடாமல் அரசியல் சாசனத் திருத்தத்துக்கு வாக்களித்தார்கள். சாசனத்தின் மேல் திடீரென்று காதல் பிறந்துவிடவில்லை; ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர வேறு வழி இல்லை. திருத்தத்தின்படி நாட்டின் ஏறத்தாழ 800 நீதிபதிகளும் அரசு வழக்குரைஞர்களும் ஒவ்வொருவராகத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். வீடு வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது, குற்றக் கும்பல்களோடு பழக்கம் உண்டா, சட்டம் தெரியுமா என்ற மூன்று சோதனைகள். சொத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது தணிக்கைக்கு உட்பட்டவரின் பொறுப்பு. முடிவெடுத்தவர்கள் எல்லாரும் அல்பேனியர்கள். ஐரோப்பிய ஆணையம் நடத்திய கண்காணிப்புக் குழுவினர் ஆவணங்களைப் பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம், மேல்முறையீடு செய்யுமாறு பரிந்துரைக்கலாம். வாக்கு இல்லை.

காகிதத்தில் பார்த்தால் குவாத்தமாலாவுக்கு வந்த அந்நியர்களின் கைதான் ஓங்கியிருந்தது. நிலைத்தது என்னவோ அல்பேனிய ஏற்பாடுதான். சிசிக்கின் ஆயுள் இரண்டு இரண்டு ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. நீட்டிக்கக் கேட்க வேண்டியவர் அதிபர். நகைச்சுவை நடிகராக இருந்து அதிபரான ஜிம்மி மொராலெஸ், விசாரணை தன் அண்ணனையும் மகனையும் தொட்டு (இருவரும் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள்), தன் தேர்தல் செலவுக் கணக்கையும் எட்டியபோது, 2017 ஆகஸ்டில் வெலாஸ்கெஸை வெளியேறச் சொன்னார். அரசியல் சாசன நீதிமன்றம் தடுத்தது. மறு ஆண்டு மே மாதம், அமெரிக்கா இஸ்ரேலில் உள்ள தன் தூதரகத்தை ஜெருசலேமுக்கு மாற்றிய இரண்டே நாளில் குவாத்தமாலாவும் மாற்றியது. ஆகஸ்டில் ஆணையத்தை நீட்டிக்கப்போவதில்லை என்று மொராலெஸ் அறிவித்தபோது அதுவரை ஆணையத்தை ஆதரித்துவந்த வாஷிங்டனின் குரல் தணிந்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. 2019 செப்டம்பர் 3ஆம் நாள் சிசிக்கின் கதவு மூடப்பட்டது.

அல்பேனியப் பிரதமர் எவருக்கும் அந்த வசதி இல்லை. தணிக்கை சாசனத்துக்குள் இருந்தது. நிறுத்தினால் ஒன்றியத்தின் வாசல் மூடிக்கொள்ளும். நீக்கப்பட்ட நீதிபதி ஒருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2021இல் அந்த நீதிமன்றமும் தணிக்கையில் உரிமை மீறல் இல்லை என்றது.

இதைச் சொல்லி அல்பேனியாவைப் புகழ்ந்துவிட்டுப் போனால் அது பாதி உண்மை. தணிக்கைக்கு உட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள் அல்லது தாமாக விலகினார்கள். காலியான நாற்காலிகளில் உட்கார ஆள் இல்லை. 2018இல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் மிஞ்சியவர் ஒரே ஒரு நீதிபதி. 2020 டிசம்பர் வரை அதனால் முழு அமர்வு கூட முடியவில்லை. உச்ச நீதிமன்றத்தில் தேங்கிய வழக்குகள் 30,000ஐத் தாண்டின. நிலத் தகராறோ ஓய்வூதியமோ, தீர்ப்புக்குக் காத்திருந்து வயதானவர்களின் கணக்கு எந்தச் சீர்திருத்த அறிக்கையின் வெற்றிப் பட்டியலிலும் ஏறாது. ஊழலுக்கென அமைந்த தனிப் புலனாய்வு அமைப்பான ‘ஸ்பாக்’ முன்னாள் அதிபர் இலிர் மேத்தாவையும் தலைநகர் திரானாவின் மேயர் எரியோன் வெலியாயையும் கைது செய்யும் அளவுக்கு வளர்ந்தது அந்த விலையைக் கொடுத்த பிறகுதான். கொடுத்தது குடிமக்கள். இருந்தாலும் இரண்டில் எது சரியான வழி என்றால் அல்பேனியா என்றே சொல்வேன். அங்கே வெளியார் போனாலும் நாற்காலியில் இருப்பவர் மாறியிருப்பார்.

குவாத்தமாலாவில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறவில்லை. உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகளையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது. பெயர்களைச் சலித்துத் தரும் குழுவில் சட்டப் புலத் தலைவர்களுக்கு இடம் உண்டு. அந்த இடத்துக்காகவே சில பல்கலைக்கழகங்கள் சட்டப் புலம் திறந்ததாக வெகுநாள் புகார். இந்த முறையை மாற்றும் சாசனத் திருத்தம் சிசிக்கின் ஆதரவோடு 2016இல் நாடாளுமன்றத்துக்கு வந்து, பழங்குடியினரின் நீதிமுறைக்கு ஏற்பு தரும் பிரிவில் சிக்கி முடங்கியது. வழக்குகளில் காட்டிய மும்முரத்தை ஆணையம் தொடக்கத்திலேயே இதில் காட்டியிருக்க வேண்டும். சிசிக் போனபின், அதனோடு உழைத்த வழக்குரைஞர்களும் பெரிய ஊழல் வழக்குகளை விசாரித்த எரிகா ஐஃபான் போன்ற நீதிபதிகளும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். 2024 அக்டோபரில் குவாத்தமாலா நாடாளுமன்றம் மீண்டும் 13 நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தது. தேர்வு முறை பழையதுதான்.