அண்ணாவியாரும் பேராசிரியரும்

கம்பஸில ஒருவர் எப்படி லெக்சரர் ஆகிறார் எண்டு கேட்டால், முதல் வகுப்பு எடுத்தால் ஆகலாம் எண்டு சொல்லுவினம். ஆனவரை ஆர் வளர்த்தெடுக்கினம் எண்டது வேறு கேள்வி. எங்கட பல்கலைக்கழக வரலாற்றைப் பார்த்தால், அந்த வேலையைச் சுற்றறிக்கைகளை விடப் பண்பாடுதான் கூடச் செய்திருக்கிறது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் மனதில் இருந்தது இங்கிலாந்து. விடுதிகளோடு கூடிய பேராதனை வளாகம் அந்தக் கனவின் பிள்ளை. நம்பிக்கையான இளம் ஆசிரியர் எண்டால் கடல் கடந்து போய்க் கலாநிதிப் பட்டத்தோடு திரும்ப வேண்டும். தமிழ்த்துறையில் க. கணபதிப்பிள்ளையும் அவரின் மாணவர் சு. வித்தியானந்தனும் லண்டன் போய்வந்தவர்கள்தான்.

ஆனால் அவர்கள் மாணவர்களை வளர்த்த விதத்தில் லண்டன் அவ்வளவு தெரியவில்லை. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் நாடகம் எழுதினார், வித்தியானந்தன் அவற்றை மேடையேற்றினார், மாணவர்கள் நடித்தார்கள். 1960களில் வித்தியானந்தன் இன்னும் ஒருபடி போனார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எண்டு கூத்துகளைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடுகிறதைச் சுருக்கி, படித்தவர்கள் எட்டிப்பார்க்காத ஒரு கலையை அவர்களின் மேடையிலேயே ஏற்றினார். கூத்தோடு மட்டக்களப்பு அண்ணாவியாரும் வளாகத்துக்கு வந்தார். லண்டன் கலாநிதி ஒருவர், பட்டமே இல்லாத ஒரு கலைஞரை ஆசானாக ஏற்றுக்கொண்ட இடம் அது. எங்களுக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடமும் அதுதான்.

கூத்துக் களரியின் படிப்பு முறையை யோசித்துப் பாருங்கோ. சட்டம் கொடுத்து, மாதக்கணக்கில் ஆடிப் பழகி, சதங்கை அணிந்து, பிறகுதான் அரங்கேற்றம். பிழைத்தால் எல்லாருக்கும் முன்னால திருத்து விழும். அப்படிப் பழகியவர்தான் சி. மௌனகுரு. பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, தன் மாணவர்களைக் கொண்டு அதே 'இராவணேசனை' மறுபடி மேடையேற்றினார்.

கைலாசபதியின் கதை வேற மாதிரி. அவர் பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார். தொம்சன் கிரேக்கப் பேராசிரியர், மார்க்சியர். அதோடு அயர்லாந்தின் பிளாஸ்கெட் தீவில மீன்பிடிக்கிற சனத்தோட பழகி ஐரிஷ் படித்தவர். வாய்மொழிப் பாடலின் அருமையைக் கிராமத்தில் அறிந்த ஒருவரிடம்தான் சங்கப் பாடல்களை வீரயுகக் கவிதையாகப் பார்க்கிற ஆய்வு உருவானது. அது 1968இல் நூலாக வந்தது. சிவத்தம்பியும் பிறகு அதே தொம்சனிடம்தான் போனார். கைலாசபதி 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர். அதுவே பல்கலைக்கழகமாகி முதல் துணைவேந்தராக வந்தவர் வித்தியானந்தன்.

இவ்வளவும் சொல்லிப்போட்டு ஒண்டைச் சொல்லாமல் விடேலாது. மேலே வந்த பெயர்களில் ஒரு பெண் இல்லை. ஒத்திகை முடிய இரவாகும், நல்ல கதையெல்லாம் சேரின்ட வீட்டு விறாந்தையிலதான் நடக்கும். அங்க ஆர் போய் இருக்கலாம்? இண்டைக்குக் கலைப்பீட வகுப்புகளில் கூடுதலாக இருக்கிறது பெண்பிள்ளைகள். நெருக்கத்தால் வளர்க்கிற முறை, நெருங்க முடிந்தவரை மட்டும் வளர்க்கும். அதோட 'சேர் சொன்னால் சரி' எண்ட பழக்கமும் அந்த விறாந்தையில இருந்துதான் வருகுது. தன்ட ஆசிரியரின் கருத்தை மறுத்து எழுத ஒரு இளம் விரிவுரையாளர் இண்டைக்கும் பயப்பிடுறார்.

இப்ப ஊழியர் அபிவிருத்தி நிலையங்கள் இருக்கு. தகுதிகாண் காலத்தில் இருக்கிற விரிவுரையாளர் கற்பித்தல் பயிற்சி முடித்தால்தான் பதவி உறுதியாகும். சில மூத்தவர்கள் இதைக் 'கடதாசி வேலை' எண்டு சிரிக்கினம். எங்களுக்கு அப்படிச் சிரிக்க மனம் வரேல்லை. அந்த வகுப்பில கதிரை பிடிக்க ஆற்றயும் விறாந்தை தேவையில்லை. ஒரு குறை இருக்கு: சதங்கை கட்ட முதல் மாதக்கணக்கில் ஆடவைக்கிற பொறுமை அந்த நேரசூசிக்குள் அடங்காது.