தீர்த்தமலையின் இரும்புப் பட்டைகள்: தருமபுரியில் ஒரு பழைய மலைத்தொடர் உருவான விதம்

வத்தல்மலையும் சித்தேரியும் தீர்த்தமலையும் பழைய மலைத்தொடர் ஒன்று தேய்ந்து நிற்கும் மிச்சங்கள் என்று சொல்வது வழக்கம். அதில் பாறையின் வயது பற்றிய பகுதி சரி. உயரம் பற்றிய பகுதி சரியல்ல. இக்குன்றுகளின் இன்றைய வடிவம் பிற்கால அரிப்பு செதுக்கியது. பாறையோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. அது பழைய மலைத்தொடரின் உச்சியிலும் இருந்ததில்லை, சரிவிலும் இருந்ததில்லை. நிலத்துக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே, மலைத்தொடரின் அடிப்பகுதியில் வெந்து உருமாறியது. அந்த மலைத்தொடர் எரிமலைத் தீவு வளைவுகள் ஒரு கண்டத்தின் விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சேர்ந்ததால் எழுந்தது என்ற கருத்தை இக்கட்டுரை ஆதரிக்கிறது. ஆனால் அதற்கு வழக்கமாக முதன்மைச் சான்றாகக் காட்டப்படும் வேதியியல் தரவுகளைவிட, தீர்த்தமலையின் இரும்புப் பட்டைகளே வலுவான சான்று என்பது என் வாதம்.

முதலில் ஒட்டிணைவு நிகழும் விதம். கடலடித் தட்டு மற்றொரு தட்டின் கீழே அமிழும்போது, சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அதன் கனிமங்களில் பிணைந்திருந்த நீர் வெளியேறுகிறது. மேலோட்டுக்குக் கீழுள்ள கவசப் பாறை நீர் கலந்தால், தன் இயல்பான உருகுநிலைக்கு முன்பே உருகத் தொடங்கும். அந்தக் குழம்பு மேலேறி எரிமலை வரிசையாகிறது. இடையிலுள்ள கடல் முழுவதும் அமிழ்ந்து தீர்ந்த பின் எரிமலை வரிசை கண்டத்தை எட்டுகிறது. அதன் மேலோடு தடிமனும் மிதப்பும் உடையது என்பதால் அது அமிழாமல் கண்டத்தின் விளிம்போடு நெரிந்து சேர்ந்துவிடுகிறது. ஜப்பானின் ஹொன்ஷு தீவில் இசு வளைவு இன்றும் இப்படித்தான் மோதிக்கொண்டிருக்கிறது. நம் துணைக்கண்டத்தில், பாகிஸ்தானின் வடக்கிலுள்ள கோகிஸ்தான் இவ்வாறு இரு கண்டங்களுக்கு நடுவே சிக்கிய ஒரு தீவு வளைவு. அங்கே வளைவின் எரிமலைப் படிவுகள் முதல் அதன் அடித்தள ஆழ்பாறைகள் வரை கிடைக்கின்றன. தருமபுரியில் மேல் பாகம் முழுவதும் அரித்துப் போய்விட்டது. அடியைக் கொண்டுதான் முழுவதையும் ஊகிக்க வேண்டும்.

அந்த அடியைப் பார்க்க கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையே போதும். கிருஷ்ணகிரியைச் சுற்றி வரிவரியான சாம்பல் நிற நைஸ் பாறை. தெற்கே வர வர அதில் பச்சைக் கருமையும் எண்ணெய்ப் பளபளப்பும் கொண்ட சார்னோகைட் தலைகாட்டுகிறது. தொப்பூர்க் கணவாயை அடையும்போது அதுவே ஆட்சி செய்கிறது. சென்னைக்கு அருகே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருக்கும் அதே வகைப் பாறை. தாமஸ் ஹாலந்து கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து அதற்குப் பெயரிட்டு, 1900-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நினைவேட்டில் விரிவாக எழுதினார். சார்னோகைட் உள்ள நிலப்பரப்பையும் இல்லாத நிலப்பரப்பையும் பிரிக்கும் எல்லையை 1936-இல் ஃபெர்மோர் வரையறுத்தார். ஃபெர்மோர் கோடு எனப்படும் அந்த எல்லை இந்த வட்டாரத்தின் வழியாகச் செல்கிறது. (பழைய ஆய்வுகளைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2004 பிப்ரவரிக்கு முந்தைய கட்டுரைகளில் தருமபுரி மாவட்டம் என்றால் அதில் கிருஷ்ணகிரியும் அடக்கம்.)

கனிமச் சேர்க்கைகளிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடும்போது, வடக்கில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒத்த மதிப்புகளும், சேலத்தை நெருங்கும்போது 25 கிலோமீட்டரைத் தாண்டிய ஆழத்துக்கு ஒத்த மதிப்புகளும் கிடைக்கின்றன. அதாவது மேலோடு சாய்ந்து, அதன் குறுக்குவெட்டு நிலத்தில் விரிந்து கிடக்கிறது. குப்பத்திலிருந்து பழனி வரை நடத்தப்பட்ட நில அதிர்வு ஆய்வோ, இன்றும் இந்நிலத்தின் கீழ் 40 கிலோமீட்டர் தடிமனில் மேலோடு இருப்பதைக் காட்டுகிறது. அரித்துப் போனதையும் எஞ்சியதையும் கூட்டினால் 60 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. இன்று அத்தகைய தடிமன் திபெத், ஆண்டிஸ் போன்ற பெருமலைப் பகுதிகளின் அடியில்தான் உண்டு. தருமபுரியில் ஒரு காலத்தில் பெருமலை இருந்தது என்ற முடிவுக்கு இந்தக் கூட்டலே என்னை இட்டுச் செல்கிறது. பிற்காலத்தில் அடியிலிருந்து குழம்பு சேர்ந்து தடிமன் கூடியிருக்கலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்குக் கீழே வருகிறேன்.

மலை இருந்தது என்பது வேறு, அது எப்படி எழுந்தது என்பது வேறு. 2000-ஆம் ஆண்டில் ‘பிரிகேம்பிரியன் ரிசர்ச்’ இதழின் ஒரே தொகுதியில் இரு எதிரெதிர் விடைகள் வெளிவந்தன. சாட்விக், வாசுதேவ், ஹெக்டே மூவரும் தருமபுரி வட்டாரமும் சேரும் தார்வார் நிலத்திட்டின் கிழக்குப் பகுதியைச் சாய்வாக நெருங்கிவந்த தட்டுகளின் விளைவாக, எரிமலை வளைவுகளின் தொகுப்பாக விளக்கினர். ஜெயானந்தாவும் அவரது குழுவினரும் ஏறத்தாழ 255 முதல் 252 கோடி ஆண்டுகளுக்கு முன் பரந்த பரப்பில் குழம்பு எழுந்ததைக் காட்டி, அதற்குக் கவசத்தின் ஆழத்திலிருந்து எழுந்த வெப்பத் தூணே காரணம் என்றனர்.

வளைவுக் கொள்கையினர் பெரிதும் நம்புவது நியோபியம், டாண்டலம், டைட்டானியம் குறைந்த பாறை வேதியியலை. தீவு வளைவுக் குழம்புகளில் இக்குறைவு உண்டு என்பது உண்மை. ஆனால் பழைய வளைவுப் பாறை ஒன்று பின்னால் எக்காரணத்தால் மீண்டும் உருகினாலும், புதுக் குழம்பு அதே குறைவைச் சுமந்தே வரும். வேதியியல் சொல்வது பாறையின் மூதாதையரைப் பற்றி. அது உருகிய சூழலைப் பற்றி அல்ல. இதை மட்டும் கொண்டு ஒரு மலைத்தொடரின் வரலாற்றை எழுதுவது அவசரம்.

தீர்த்தமலை முக்கியமாவது இங்குதான். 1864-இல் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் பழைய சேலம் மாவட்டத்தின் இரும்புப் படுகைகளை வகைப்படுத்தியபோது கஞ்சமலை, கோதுமலை ஆகியவற்றோடு தீர்த்தமலையையும் ஒரு தனித் தொகுதியாகக் குறித்தனர். காந்த இரும்புக் கனிமமும் குவார்ட்சும் மாறி மாறி அடுக்கிய பட்டைகள் அவை. ஆக்சிஜன் அரிதாயிருந்த பழங்கடலில் கரைந்திருந்த இரும்பும் சிலிக்காவும் அடியில் படிந்து உண்டானவை. கடலடியில் பிறந்த அந்தப் படிவு இன்று நைஸ், சார்னோகைட் பாறைகளுக்கு நடுவே, அவற்றோடு சேர்ந்து மடிந்து, ஆழத்தில் வெந்த நிலையில் கிடைக்கிறது. மேற்பரப்பில் இருந்த ஒன்று 20 கிலோமீட்டருக்கும் கீழே போய்த் திரும்பியிருக்கிறது. அடியிலிருந்து குழம்பு சேர்ந்து மேலோடு தடித்தால் மேலிருப்பது மேலேயே உயரும்; கீழே போகாது. தடிமனுக்குக் குழம்பு மட்டுமே காரணம் என்ற ஆட்சேபத்துக்கு இதுவே விடை.

வெப்பத் தூண் கொள்கையினரிடம் ஒரு பதில் உண்டு. கனமான எரிமலைப் பாறையும் இரும்புப் படிவும், சூடேறி இளகிய மேலோட்டில் தம் எடையாலேயே மூழ்கியிருக்கலாம் என்பார்கள். மேற்குத் தார்வாரின் குவிமாட வடிவ நைஸ்களுக்கிடையே இது நிகழ்ந்திருக்கக்கூடும். அப்படி மூழ்கினால் படிவுகள் குவிமாடங்களின் இடுக்குகளில் ஆழமான பைகளாக நிற்க வேண்டும். சேலம், தருமபுரி வட்டாரத்திலோ அவை மலைகளைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் தொடரும் மடிந்த படுகைகளாக ஓடுகின்றன. படுகைகள் படுக்கைவாட்டில் நெருக்கப்பட்டு, ஒன்றின் கீழ் ஒன்று செருகப்பட்டதற்கே இது பொருந்துகிறது.

கால வரிசையும் அதே பக்கம் சாய்கிறது. கோலார் தங்கப் பட்டையின் இரு புறமும் உள்ள நைஸ்களைக் க்ரோக்ஸ்டாட், ஹான்சன், பாலகிருஷ்ணன், ராஜாமணி குழுவினர் 1989-இல் ஒப்பிட்டனர். மேற்கில் 263 முதல் 255 கோடி ஆண்டு வயதும், அதைவிடப் பழைய கண்டப் பொருளின் தடயமும் இருந்தன. கிழக்கில் சுமார் 253 கோடி ஆண்டு வயது மட்டும், பழைய பொருளின் தடயம் இல்லாமல். இரண்டும் தனித்தனியே பிறந்து பின்னால் சேர்ந்தவை என்பது அவர்கள் முடிவு. தெற்கே சேலம் வட்டாரத்தில் கிளார்க்கும் சகாக்களும் 2009-இல் அறிவித்த சிர்கான் என்னும் கனிமத்தின் வயதுகள், சுமார் 253 கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பு உறைந்ததையும் 248 கோடி ஆண்டுகளுக்கு முன் அது ஆழத்தில் உருமாறியதையும் காட்டின. பிறப்புக்கும் புதைவுக்கும் இடையே ஐந்து கோடி ஆண்டுகளே. எரிமலை வளைவு பிறந்து, கண்டத்தை எட்டி, நெரிந்து தடிப்பதற்கு இது இயல்பான கால அளவு.

வெப்பத் தூண் கொள்கையை முற்றாக ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. அக்காலக் கவசம் இன்றையதைவிடச் சூடானது. ஒட்டிச் சேர்ந்த மேலோடும் இளகலாகவே இருந்திருக்கும். ஆகவே இமயத்தைப் போல் விறைத்த தட்டுகள் உயர்ந்து நிற்கும் மலையை இங்கே கற்பனை செய்யக் கூடாது. தடித்த மேலோடு தன் எடையால் பக்கவாட்டில் வழிந்து, அகன்று தாழ்ந்த பீடபூமியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இணைந்த நிலம் அத்துடன் அமைதியாகிவிடவில்லை. ஒகேனக்கல்லின் கார்பனடைட் என்னும் குழம்புப் பாறை சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் கவசத்திலிருந்து நேராக மேலேறியது. பிறகு 80 முதல் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் சாமல்பட்டி, சேவத்தூர் கார்பனடைட்களும் ஏலகிரியின் சையெனைட்டும் வடகிழக்கு–தென்மேற்காக ஓடும் பிளவுகளை ஒட்டி எழுந்தன. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளியில் கவசக் குழம்பு இதே வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு, இரு நிலங்கள் சேர்ந்த ஆழமான பழைய தையல் ஒன்று இங்கே இருந்தது என்பதே எளிய விளக்கம்.

இந்த வாதத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. தீர்த்தமலை இரும்புப் பட்டைகளோடு சேர்ந்து கிடக்கும் மணற்பாங்கான படிவுகளில், அக்காலக் கரையிலிருந்து அடித்துவரப்பட்ட சிர்கான்களைத் தேடிக் காலக்கணிப்பு செய்ய வேண்டும். ஆழத்தில் வெந்தபோது அவற்றின் மேல் வளர்ந்த புறவளையங்களை நீக்கி, உள்மணியை மட்டும் அளக்க வேண்டும். அம்மணிகள் 250 கோடியை ஒட்டிய வயதுகளை மட்டும் காட்டினால், அந்தக் கடல் ஒரு தீவு வளைவை ஒட்டிக் கண்டத்திலிருந்து விலகி இருந்தது. 300 கோடியைத் தாண்டிய மேற்குத் தார்வார் மணிகள் தாராளமாகக் கலந்திருந்தால், அது கண்டத்தின் கரையிலேயே இருந்தது. அப்போது இங்கு நான் ஆதரித்த தீவு வளைவை விட்டு, ஆண்டிஸைப் போலக் கண்ட விளிம்பிலேயே எழுந்த எரிமலை வரிசையை ஏற்க வேண்டியிருக்கும்.